மலைக்குப் போகாத கையுறைகள்

அந்த வருஷம் தவக்காலமும் நோன்பும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தன. விபூதிப் புதனன்று அஞ்சலா நெற்றியில் சாம்பலோடு கம்பனி வான் வண்டியில் ஏறினாள். அடுத்த நாள் ஷிஹானா தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் ஏறினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வழக்கம்போலப் பின் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். களைப்பு எல்லா மதத்துக்கும் பொது.

மன்னார்த் தீவில், தாழ்வுபாட்டுக்கு அப்பால், கடற்கரையை ஒட்டி இருந்தது அந்தக் கம்பனி. கணவாயையும் இறாலையும் கழுவி, உறையவைத்து, பெட்டியிலடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும். இவர்கள் இருவருக்கும் ஐஸ் அறையில் வேலை. ஒருத்தி வாசலில் நின்று பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவாள். மற்றவள் அவற்றை உள்ளே கொண்டுபோய் அடுக்குவாள். உள்ளே போனவளுக்குப் பல் கிட்டத் தொடங்கியதும் ஆள் மாறிக்கொள்வார்கள். காற்று விழுந்துபோன பங்குனி வெயிலில் வெளியே கழுதைகள்கூட நிழலை விட்டு அசையாது. அந்த வெயிலிலிருந்து தடித்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், மூக்கு மயிர் உறைந்து குத்தும். கம்பனி கொடுத்தது ஒரு பருத்திக் கையுறை, அதற்கு மேலே ஒரு றப்பர்க் கையுறை. வெளியே நிற்கும்போது பருத்தி வியர்வையில் நனையும். உள்ளே போனதும் அந்த வியர்வை விரலோடு சேர்ந்து உறையும்.

அஞ்சலாவின் வலது கையில் மோதிர விரலும் சின்ன விரலும் கொஞ்ச நாளாக வேலை முடியும்போது மெழுகுதிரி மாதிரி வெளுத்துப்போயிருந்தன. வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் வைத்தால் நிறம் திரும்பும். பிறகு, நிறம் திரும்பியும் உணர்ச்சி திரும்பாத நாட்கள் வந்தன. அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் பயம் வந்தது. கோயிலில் கீபோட் வாசிப்பது அவள். காணிக்கைப் பாட்டின் நடுவில் ஒரு பிழையான சுரம் கேட்டது. யார் அமத்தியது என்று ஒரு கணம் தேடினாள். அமத்தியது அவளுடைய சின்ன விரல்தான். அது கட்டையில் கிடந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

பூசை முடிந்ததும் பாடகர் குழுவை நடத்தும் சந்தியோகு மாஸ்ரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, தவக்காலத்தில பரவாயில்லை. பாட்டுக்குப் பின்னால மெல்லமாப் போறதுதானே. பாஸ்கா உயிர்ப்புப் பூசையில வானவர் கீதம் அப்பிடி இல்லை. மணியெல்லாம் அடிக்கேக்க கீபோட் முழுக் கையா எழும்ப வேணும். ஏலாட்டி முதலே சொல்லிப்போடு. மதுஷிகாவும் பழகியிருக்கிறாள்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கோபித்திருக்கலாம். அவர் அன்பாகச் சொன்னதால் அதற்கும் வழி இல்லாமல் போயிற்று. அந்தக் கீபோட்டுக்கு முன்னால் இருக்கும் சின்ன ஸ்டூல்தான் முழுக் கிழமையிலும் அவள் உட்காரும் ஒரே இடம். அங்கே யாரும் அவளிடம் எதையும் தூக்கச் சொல்வதில்லை. அதை மதுஷிகாவிடம் கொடுத்தால் திரும்பக் கேட்க முடியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடமிருந்து எதையாவது திரும்பப் பிடுங்க யாருக்கு மனம் வரும்?

ஆஸ்பத்திரியில் டொக்டர் விரல்களை அழுத்திப் பார்த்தார். கையைக் குளிரில் விடாதேங்கோ, விட்டால் இது நிரந்தரமாகப் போகலாம் என்றார்.

"ஐஸ் அறையில நிக்கிறவளுக்குக் குளிரில நிக்காத எண்டு சொல்லுறத்துக்கு ஒரு டொக்டர்," என்றாள் ஷிஹானா வானில். "எங்கட உம்மாவே சொல்லியிருப்பா, லைனில நிண்டிருக்கவும் தேவையில்லை."

"வேலையை விடச் சொல்லுறியோ?"

"விட்டிட்டு? வீட்டில மூண்டு பேர் உன்ர கையைப் பாத்துக்கொண்டுதானே இருக்குதுகள். கையுறையை மாத்து. பனியில விளையாடுற ஆக்கள் நாள் முழுக்க அதுக்குள்ளதானே விழுந்து எழும்புறாங்க? அவங்க என்ன போடுறாங்க எண்டு தேடிப் பாரன்."

அப்படித்தான் மன்னார்த் தீவின் ஒரு வானில், பின் இருக்கையில், பனிச்சறுக்குச் சாமான் தேடும் வேலை தொடங்கியது.

முதலில் போனில் வந்தது எல்லோரும் வாங்கும் உள்ளூர்க் கடை. சாமான் கைக்கு வந்தபிறகு காசு கொடுத்தால் போதும். படத்தில் கையுறை கறுப்பாக, கனமாக, அழகாக இருந்தது. கீழே வாங்கியவர்கள் போட்ட படங்களில் அதே கையுறை பொம்மைக்குத் தைத்த சட்டை மாதிரிக் கிடந்தது. அடுத்து, எல்லாம் மலிவாக விற்கும் சீனக் கடை. ஆயிரக்கணக்கில் கையுறை இருந்தது. பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது. ஒன்றை அமத்தினால் பத்து வந்தது. அஞ்சலா இரண்டு நாள் பார்த்துவிட்டு, எது எது என்று மறந்து, திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வரும்போது உப்புக்குளத்தில் வானை விட்டு இறங்கி, ஷிஹானாவின் நானா, அவளுடைய அண்ணன் வஸீரின் கடைக்குப் போனார்கள். வஸீர் போன் கார்ட் விற்பார், போட்டோக் கொப்பி எடுப்பார், வங்கிக் கார்ட் இல்லாத ஆட்களுக்குத் தன் கார்ட்டில் சாமான் எடுத்துக் கொடுப்பார். நோன்பு திறக்க நேரம் கிடந்தது. நாக்கு வறண்ட மனிதர் முகத்தைத் தூக்காமலே பேசினார்.

"தங்கச்சி, நல்லாக் கேளுங்கோ. அந்தக் கடையில வாங்கினா சாமான் கெதியா வரும், ஆனா படத்தில இருக்கிற சாமான் வராது. இந்தக் கடையில வாங்கினாப் படத்தில இருக்கிற சாமான் வரும், ஆனா அடுத்த நோன்புக்குத்தான் வரும். எது வேணும்?"

"பாஸ்காவுக்கு முதல் வேணும் அண்ணன். உண்மையான சாமானா வேணும்."

"அப்ப இந்த நாட்டில இருந்து வாங்கேலாது."

"நானா, அப்பிடிச் சொல்லி அனுப்பத்தானா கடை துறந்து வைச்சிருக்கிறீங்க?" என்றாள் ஷிஹானா.

"பொய் சொல்லி விக்க வேற கடை இருக்கு. நான் உண்மையைச் சொல்லுவன்." வஸீர் முதல் தடவையாக நிமிர்ந்து அஞ்சலாவின் கையைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கிற்று. "எல்லாம் விக்கிற கடையில போகாதீங்கோ. இது மட்டுமே விக்கிற கடையாத் தேடுங்கோ. படத்தப் பாக்காதீங்கோ, வாங்கின சனம் கீழ எழுதுறதப் பாருங்கோ. திட்டி எழுதினதையும் அழிக்காம விட்டிருக்கிறானா எண்டு பாருங்கோ. அதுதான் கடை."

அப்படி ஒரு கடையை அவள் அடுத்த கிழமை கண்டுபிடித்தாள். ஐரோப்பாவில், பெயரை உச்சரிக்க முடியாத ஏதோ ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. குளிர்காலத்தில் பனியில் சறுக்கும் பலகை, கோடையில் தெருவில் ஓடும் சில்லுப் பலகை, இரண்டுக்கும் வேண்டிய உடுப்பு, தலைக்கவசம், சப்பாத்து. வேறொன்றும் இல்லை.

"சறுக்குறதுதான் அவங்களுக்குத் தொழில்," என்றாள் ஷிஹானா. "குளிர் வந்தாலும் சறுக்கிறது, வெயில் வந்தாலும் சறுக்கிறது. எங்களுக்கு நிக்கவே ஏலாமக் கிடக்கு."

அந்தக் கடையில் திட்டி எழுதினதும் அழிக்காமல் இருந்தது. போன் எல்லாவற்றையும் ஒரு மாதிரித் தமிழாக்கிக் கொடுத்தது. முறுக்கிப் பிழிந்த, யாரும் பேசாத தமிழ். ஆனாலும் வானின் குலுக்கலில், தலைக்குள் இரைச்சலோடு அதை வாசிக்க வாசிக்க அஞ்சலாவுக்கு அது ஒரு தடித்த கதைப்புத்தகமாகிவிட்டது. ஒரு கிழவர் தன் நாய் இடது கையுறையைத் தின்றுவிட்டதாகவும், கடைக்காரன் இடது கை மட்டும் அனுப்பியதாகவும் எழுதியிருந்தார். ஒரு பையன் தன் தகப்பனின் கையுறையை இப்போது தான் போடுவதாக எழுதியிருந்தான். தகப்பனுக்கு என்ன நடந்தது என்று எழுதவில்லை. ஜன்னலுக்கு வெளியே மீன் காயப்போட்ட வெயில் போய்க்கொண்டிருக்கும். அவள் ஊசியிலைக் காட்டுக்குள் யாரோ ஒருவரின் பின்னால் நடந்துகொண்டிருப்பாள்.

ஒரு பெண் எழுதியிருந்தது இது: "என் கணவர் போன பிறகு வந்த குளிர்காலத்தில் முதன்முறையாகத் தனியே மலைக்குப் போனேன். மழையும் பனியும் கலந்து பெய்தது. எல்லாம் நனைந்தது. கை மட்டும் நனையவில்லை."

அஞ்சலா அதை மூன்று தடவை வாசித்தாள். பிறகு போனை ஷிஹானாவிடம் கொடுத்து, "இதுதான்" என்றாள்.

அனுப்பும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஸ்பெயினும் சுவீடனும் இருந்தன. சுவிஸ் இருந்தது. சுவிஸில் மச்சாள் றொஷேல் இருந்தாள். அண்ணனின் மனைவி, அஞ்சலாவின் வயதுதான். பாஸ்காவுக்கு அங்கிருந்து எடித் மாமி வங்காலைக்கு வருகிறா. அவவிடம் கொடுத்துவிட்டால் சரி. வெளிநாட்டிலிருந்து எந்தச் சாமானும் இந்தக் கரைக்கு அப்படித்தான் வரும், யாராவது ஒருவரின் சூட்கேஸில், சொக்லேட்டுக்கும் சோப்புக்கும் இடையில்.

றொஷேல் உடனே குரல் பதிவு அனுப்பினாள். "ஓம் மச்சாள், எடுக்கலாம். நல்ல கடை எண்டுதான் இஞ்சயும் சொல்லுதுகள். அளவு சரியா வேணும். வழமை மாதிரிப் பேப்பரில வைச்சுக் கீறி அனுப்பு."

வழமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளிநாட்டுச் சொந்தம் சப்பாத்து வாங்கி அனுப்புவதென்றால், பேப்பரில் காலை வைத்து, சுற்றிப் பேனையால் கீறி, பக்கத்தில் அளவுக்கு அடிமட்டம் வைத்துப் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஊரிலுள்ள பாதிக் கால்கள் சுவிஸிலும் கனடாவிலும் யாரோ ஒருவரின் போனில் கிடக்கின்றன.

அன்று பெட்டிகள் அதிகம். வேலை முடிந்து வானில் ஏறியபோது அஞ்சலாவின் விரல்கள் கட்டைபோலக் கிடந்தன. ஷிஹானா கிழிந்த பெட்டி மட்டை ஒன்றை மடியில் வைத்தாள். "கையை வை." அஞ்சலா வைத்தாள். விரலை விரித்தால் நுனியில் ஊசி ஏறியது. அதனால் நாலையும் சேர்த்தே வைத்தாள். காலைக் கீறும்போது விரல் விரலாகவா கீறுகிறோம்? ஷிஹானாவுக்கும் அது உறைக்கவில்லை. நோன்புக் களைப்பில் அவளுக்கு எழுத்தே இரண்டாகத் தெரிந்தது. லேபிள் எழுதும் தடிப் பேனையால், குலுங்கும் வானில், பெருவிரலைச் சுற்றி ஒரு மேடு, மற்ற நாலையும் சேர்த்து ஒரு பெரிய மேடு என்று ஒரே இழுப்பில் கீறி முடித்தாள். படமெடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த நாள் பதில் வந்தது. "ஓடர் பண்ணியாச்சு மச்சாள். நான் அந்தக் கடைக்காரருக்கு உன்ர படத்தையும் அனுப்பிக் கேட்டனான். நல்ல ஆக்கள். நீ பாத்து அனுப்பின கையுறையைவிட இது நல்லம் எண்டு ஒண்டைக் காட்டினவங்கள். அதையே எடுத்திட்டன்."

நல்ல ஆக்கள் என்று கேட்டதே அஞ்சலாவுக்குப் போதுமாயிருந்தது. எதை மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தபடியே நித்திரையாகிப் போனாள்.

நோன்பு முடிந்தது. பெருநாளுக்கு மறுநாள் ஷிஹானா ஒரு டப்பாவில் வட்டிலப்பம் கொண்டுவந்தாள்.

"பாஸ்கா வரைக்கும் இனிப்பை விட்டிருக்கிறன்," என்றாள் அஞ்சலா.

"அப்ப ஐஸ் அறையில ஒளிப்பம். கணவாயே ரெண்டு வருஷம் கிடக்குது, என்ர வட்டிலப்பம் ரெண்டு கிழமை கிடக்காதா?"

பின் மூலையில், கடைசி அடுக்கின் பின்னால் அதை வைத்தார்கள். அஞ்சலாவின் சின்ன விரல் அப்போது நாள் முழுவதும் வெளுத்தே இருந்தது.

பாஸ்காவுக்கு ஒரு கிழமை முந்தி, குருத்து ஞாயிறு பின்னேரம் அவள் பஸ் ஏறி, பாலம் கடந்து வங்காலைக்குப் போனாள். எடித் மாமியின் வீட்டில் கட்டில்மேல் சூட்கேஸ் விரிந்து கிடந்தது. சொந்தங்கள் சுற்றி நின்று தங்கள் தங்கள் பையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாமி அவளுடைய பையை எடுத்து நீட்டினா.

"இந்தா மோள். நல்ல வடிவாயிருக்கு. அங்க எங்கட வளவுச் சின்னப்பிள்ளையளும் இதுதான் போடுறதுகள்."

அஞ்சலா திறந்தாள். கடும் நீலத்தில், மெத்தென்று, உள்ளே ஆட்டுமயிர் வைத்துத் தைத்த இரண்டு. பெருவிரலுக்கு ஒரு வீடு இருந்தது. மற்ற விரல்களுக்கு வீடு இல்லை. நாலும் ஒரே பைக்குள்.

அவள் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு தையலை உரித்தால் விரல்கள் வெளியே வரும் என்று எதிர்பார்த்தவள் போல.

"என்ன மோள், அளவு பிழையோ?"

"இல்லை மாமி. அளவு சரி."

திரும்பும் பஸ்ஸில் றொஷேலுக்கு எழுதினாள். பாலத்தில் ஏறும்போது குரல் வந்தது. "என்ன மச்சாள் சொல்லுறாய்? நீ அனுப்பின படத்தில விரலே இல்லையே. நானும் அதைத்தான் கேக்கிறாய் எண்டு நினைச்சன். அவங்களும் பாத்திட்டு, இவவுக்கு விரல் பிரிக்காத சாமான்தான் வேணும், அதுதான் கூடச் சூடு எண்டாங்கள்." கீழே அந்த மட்டைப் படத்தையும் திருப்பி அனுப்பியிருந்தாள். அஞ்சலா மடியிலிருந்த கையுறையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். ஒரு கோடு பிசகவில்லை. கேட்டதைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல் அசையாமல் தகரம் போலக் கிடந்தது. கோபித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. அவள் நெற்றியை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டாள்.

"யா அல்லாஹ்," என்றாள் ஷிஹானா மறுநாள், ஐஸ் அறை வாசலில் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தபடி. "தலகாணி உறைக்குப் பெருவிரல் முளைச்சிருக்கு."

"கீறினது ஆர்?"

"விரல விரிக்காம வைச்சது ஆர்?"

அதைப் போட்டுக்கொண்டு லேபிள் உரிக்க முடியவில்லை. பேனை பிடிக்க முடியவில்லை. சுப்பவைசர் அலெக்ஸாண்டர் வந்து பார்த்தார். "என்ன, குத்துச்சண்டைக்கோ போறீங்கள்? பெட்டி தேங்கினா நான்தான் பதில் சொல்ல வேணும்."

"அண்ணன், கம்பனி புதுசு தருமெண்டால் இப்பவே கழட்டுறம்," என்றாள் ஷிஹானா. அவர் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார்.

முடிவில் ஷிஹானாவே ஒரு வழி சொன்னாள். லேபிள் எல்லாம் அவள் பாடு, அஞ்சலா உள்ளே. ஷிஹானா உள்ளே போக வேண்டி வந்தால் கையுறையும் கை மாறும். அடுக்குவதற்கு விரல் வேண்டியதில்லை. பெட்டியை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கலாம், குழந்தையைத் தூக்குவது மாதிரி.

உள்ளே நின்றபோதுதான் அஞ்சலா அதைக் கவனித்தாள். கை நனையவில்லை. நாலு விரலும் ஒரே இருட்டுக்குள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. நடு விரலின் சூடு மோதிர விரலுக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மோதிர விரல் நோகத் தொடங்கியது, தீயில் பிடித்தது மாதிரி. அவள் பெட்டியில் சாய்ந்து நின்று அந்த நோவை வரவிட்டாள். நொந்தால் உயிர் இருக்கிறது.

விரல்களை அசைத்துப் பார்த்தாள். வெளியே நீலப் பை அப்படியே இருந்தது. உள்ளே விரல்கள் ஆட்டுமயிரை ஒன்றொன்றாக அமத்தின. வெறும் அசைவுதான், குளிர் போகட்டும் என்று. பிறகு அந்த அசைவு தானாக வானவர் கீதத்தின் முதல் வரியானது. ஒரு பெட்டியை அடுக்கிவிட்டு இரண்டு வரி. அடுத்ததை அடுக்கிவிட்டு இன்னும் இரண்டு. மோதிர விரல் பிந்தி வந்தது. சின்ன விரல் வரவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். அது பாட்டுக்குக் கிடந்தது. அதன் சுரங்களை மற்ற விரல்கள் எட்டி எடுக்குமா என்று பார்த்தாள். சில இடத்தில் எட்டின. சில இடத்தில் எட்டவில்லை. அங்கே சுரத்தையே விட்டுவிட்டாள். அந்தப் பெரிய கிழமை முழுவதும், கணவாய்ப் பெட்டிகளுக்கு நடுவில், யாருக்கும் தெரியாத ஒரு பைக்குள் அவள் அந்தப் பாட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூடத் தென்பு இருக்காது.

பெரிய சனிக்கிழமை பகல், கோயிற் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை. புனிதர் சுரூபங்கள் ஊதாச் சேலையால் மூடியபடி நின்றன. மதுஷிகா கீபோட்டுக்குப் பக்கத்தில், எதற்கும் ஆயத்தமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சந்தியோகு மாஸ்ரர் தலையசைத்தார். அஞ்சலா தொடங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கட்டைகளைப் பார்த்து வாசித்தாள். மோதிர விரல் எங்கே இருக்கிறது என்று கண்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஓரிடத்தில் பிந்தியது. பாடகர்கள் பிந்தியதோடு சேர்ந்து பிந்திவிட்டுப் போனார்கள்.

பாட்டு முடிந்தது. மாஸ்ரர் கிட்ட வந்து அவளுடைய விரல்களைப் பார்த்தார்.

"வேற மாதிரி வாசிக்கிறாய்."

"ஓம் மாஸ்ரர். ஒரு விரல் லீவில நிக்குது. மற்றது பிந்தித்தான் வருது."

"மேல போற இடத்தில சுரம் குறையுது."

"ஓம். குறையும்."

அவர் மதுஷிகாவைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். "சரி. ஆட்கள் பாடி நிரப்பட்டும். இண்டைக்கு ராப் பூசைக்கும் நீயே வாசி. பிள்ளை மதுஷிகா, நீ பக்கத்தில நிண்டு தாளைத் திருப்பு." பிறகு தாழ்ந்த குரலில், "அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பாப்பம்" என்றார்.

அவள் வெளியே வந்து கோயிற் படியில் உட்கார்ந்தாள். போனில் இரண்டு செய்திகள் கிடந்தன. ஒன்று ஷிஹானா. அஞ்சலாவின் சனிக்கிழமை வேலையை அவள்தான் எடுத்திருந்தாள். "உன்ர தலகாணி உறையப் போட்டுக்கொண்டு நிக்கிறன். சொர்க்கம் புள்ள. வட்டிலப்பம் கல்லாக் கிடக்குது. திங்கக்கிழமை சுத்தியல் கொண்டு வா."

மற்றது றொஷேல். அந்தக் கடை கேட்டு எழுதியிருந்ததைத் திருப்பி அனுப்பியிருந்தாள். சாமான் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்களாம். பிடித்திருந்தால், எந்த மலையில் பாவித்தீர்கள், எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள்.

அஞ்சலா முழங்காலில் போனை வைத்து, பெருவிரலால் மெல்ல மெல்ல எழுதினாள்.

"மாத்த வேண்டாம் மச்சாள். அவங்களுக்கு இதை அனுப்பிவிடு: நான் மலைக்குப் போகவில்லை. இங்கே மலை இல்லை. கை நனையவில்லை."

அனுப்பிவிட்டு இரண்டு கைகளையும் பழக்கத்தில் கக்கத்துக்குள் செருகிக்கொண்டாள். வெயில் படியில் பாதிவரை வந்திருந்தது. பூசைக்கு இன்னும் நேரம் கிடந்தது. அவள் அந்தச் சூட்டிலேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.